இரண்டு வாசலிலும் நுழைந்தவர்

கடலோடு அன்றாடம் மல்லுக்கட்டும் மார்ஷ்விக் மீனவர் சங்கத்தின் ஆண்டு விருந்துக்குத் தலைமை தாங்கி, கையில் சுத்தியலோடும், நான் நேரம் தாண்டினால் அதை ஓங்கித் தட்டும் உறுதியோடும் வீற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய கேப்டன் ஆர்தர் டவ்ஸ் அவர்களே! வாடைக்கும் வசைக்கும் அசையாத மூத்தோர்களே! படகு கரை சேரும்வரை கண் துஞ்சாத தாய்மார்களே! இவ்வூரின் பசிக்கும் வம்புக்கும் ஒரே கடையில் தீனி போடும் அன்புச் சகோதரி மேவிஸ் லீக் அவர்களே! பித்தளை வாத்தியக் குழுவின் கலைஞர்களே! அந்தக் குழுவின் கடைசி வரிசையில், டியூபா என்னும் பெருங்குழலுக்குப் பின்னால் தலையை மறைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும், உங்கள் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் நெவில் கார்ஃபிட் அவர்களே! உங்கள் அனைவருக்கும் ஹெஸ்டர் விண்டிபேங்கின் பணிவான வணக்கம்.

என்ன சொன்னீர்கள்? கதவோரத்தில் இருந்து ஒரு குரல் வந்ததே! ‘ரெட்டை நாக்கு’ என்றா? டவ்ஸ் ஐயா, அவரை அடக்காதீர்கள். நான் எதைப் பேச வந்தேனோ, அதைத்தான் அவர் தொடங்கி வைத்திருக்கிறார். அவருக்கும் என் நன்றி.

நெவில், எழுந்து போய்விடாதீர்கள். அந்தக் குழலைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு வேகமாக ஓட உங்களால் முடியாது!

அன்பர்களே! நான் உங்கள் ஊர்க்காரி அல்லள். உங்கள் கட்சிக்காரியும் அல்லள். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகும் ஒப்பந்தம் ஒன்று நம் நாட்டை நடுவில் பிளந்து போட்டதே, அந்த நாள்களில் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்த ஆளுங்கட்சியின் பக்கம் அமர்ந்திருந்தவள் நான். அதை எதிர்த்து எதிர்வரிசையில் அமர்ந்து என்னை வாட்டி எடுத்தவர் இந்த நெவில். அண்ணன் தம்பி பேசாத காலம் அது. கிறிஸ்துமஸ் விருந்தில் வான்கோழியை வெட்டிய கத்தியைக் கீழே வைக்காமலே சண்டை போட்ட குடும்பங்கள் உண்டு. இந்த அரங்கிலேயே இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும், சிரிப்பைப் பார்த்தாலே தெரிகிறது!

அந்த ஒப்பந்தத்தில் உங்கள் கடல் இருந்ததா? இருந்தது. உங்கள் கடலில் அயலார் வலை வீச இடம் இருந்ததா? இருந்தது. அதைக் கேட்டுக் கொதித்தெழுந்து, ‘மீனவனை விற்று வாங்கும் விலகல் எங்களுக்கு வேண்டாம்’ என்று ஒரு திருத்தம் எழுதிக் கொண்டுவந்தவர் யார்? நெவில் கார்ஃபிட். அந்தத் திருத்தம் தோற்றபோது, அதை எதிர்த்து வாக்களித்தவர்களின் பட்டியலில் இருந்த பெயர் யாருடையது? அதே நெவில் கார்ஃபிட்.

ஆம், கத்துங்கள். ஆதரித்தவர் பட்டியலிலும் அவர் பெயர், எதிர்த்தவர் பட்டியலிலும் அவர் பெயர். உங்கள் ஊர்ச் செய்தித்தாள் அந்த இரண்டையும் முதல் பக்கத்தில் அருகருகே அச்சடித்தது. அடுத்த தேர்தலில் நீங்கள் அவரை வீட்டுக்கு அனுப்பினீர்கள். நானும் இவ்வூரில் பிறந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

எனக்கு இது எப்போது தெரிந்தது? போன வசந்தத்தில். என் மகள் ரோவெனாவோடு கடல் பார்க்க வந்தேன். பசித்தது. மேவிஸ் அம்மாவின் கடைக்குள் நுழைந்தோம். எங்களுக்கு முன்னால் நின்றவர், “மேவிஸ்க்கா, ரெண்டு கார்ஃபிட்டு, உருளை வறுவல் கூட வெச்சு” என்றார். நான் திகைத்தேன். என்ன அது என்று கேட்டேன்.

“அதுவாம்மா? பாதி காட் மீனு, பாதி ஹாடக் மீனு. ரெண்டும் ஒரே மாவுல. எங்க ஊர் எம்.பி. ஒருத்தன் இருந்தான், இந்தப் பக்கமும் ஓட்டுப் போட்டான், அந்தப் பக்கமும் போட்டான். அவன் பேர வெச்சிட்டோம். நல்லா ஓடுது!”

“அவரே இங்க வந்து சாப்பிடுவாரா?” என்றேன்.

“வெள்ளிக்கிழமை தவறாம வருவான். வந்து என்ன கேப்பான்னு நினைக்கிற? ‘மேவிஸ், எனக்கு ஒரு கார்ஃபிட்டு.’ மூஞ்சில ஒரு சுளிப்பு இல்லம்மா. அதுதான் எனக்கே ஒரு மாதிரி இருக்கும்.”

மேவிஸ் அம்மா, அந்த ஒரு மாதிரி என்னவென்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். நீங்கள் தலையைக் குனிய வேண்டாம். உங்கள் மீன் அருமை!

எங்கள் நாடாளுமன்றத்தில் ஜோடி கட்டுவது என்று ஒரு வழக்கம் உண்டு. சட்டத்தில் எழுதியதல்ல, நாணயத்தில் நிற்பது. ஆளுங்கட்சியில் ஒருவருக்கு நோயோ, வீட்டில் துன்பமோ வந்து அவைக்கு வர முடியவில்லை என்றால், எதிர்க்கட்சியில் ஒருவர், ‘நீ போய் வா, நானும் வாக்களிக்காமல் இருக்கிறேன்’ என்று சொல் கொடுப்பார். இரண்டு தட்டிலும் ஒவ்வொரு கல் குறையும், தராசு சாயாது. என் ஜோடி நெவில்.

என் மகளுக்கு அப்போது பத்தொன்பது வயது. வாழவே வேண்டாம் என்று அவள் ஒரு முடிவெடுத்தாள். மருத்துவர்கள் காப்பாற்றப் போராடிக்கொண்டிருந்தார்கள். அவள் கண் திறக்கவில்லை. இதை நான் சொல்லலாமா என்று அவளிடம் கேட்டேன். “சொல்லுமா, நான்தான் சொல்லச் சொல்றேன்” என்றாள். அதனால் சொல்கிறேன்.

நான் மருத்துவமனைக்கு ஓடுமுன் நெவிலிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். “நெவில், காரணம் வெளிய போச்சுன்னா பத்திரிகைக்காரங்க ஆஸ்பத்திரி வாசல்ல வந்து நிப்பாங்க. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க” என்றேன். “எனக்கு ஒண்ணுமே தெரியாது ஹெஸ்டர், நீங்க கிளம்புங்க” என்றார்.

மறுநாள் அவருடைய திருத்தம் வருவதாகவே இல்லை. ஆனால் அந்த நாள்களில் அவையில் எது எப்போது வரும் என்று யாருக்குத் தெரிந்தது? காலையில் ஒன்று, மாலையில் ஒன்று! மகளின் கட்டிலருகில் நான் அமர்ந்திருந்தபோது செய்தி வந்தது: மீனவர் திருத்தம் இன்றே வாக்கெடுப்புக்கு வருகிறது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் எழுதிய திருத்தம்! அவர் ஊரின் உயிர்! அதற்கு அவரே வாக்களிக்க முடியாமல், எனக்குக் கொடுத்த சொல் அவர் கையைக் கட்டிப் போட்டிருக்கிறதே! தொலைபேசியில் கூப்பிட்டேன்.

“நெவில், உங்க திருத்தம் இன்னிக்கே வருதாமே. குடுத்த சொல்லுல இருந்து நான் உங்களை விட்டுடறேன். நீங்க ஓட்டுப் போடுங்க. இல்லன்னா நானே கிளம்பி வந்துடறேன்.”

“பொண்ணு கண்ணு முழிச்சுதா?”

“இல்ல.”

“அப்புறம் என்ன பேச்சு இது? போனை வைங்க முதல்ல.”

வைத்துவிட்டேன், அன்பர்களே. வைத்துவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குப் பின் அங்கே நடந்ததை எனக்கு யாரும் சொல்லவில்லை. போன வசந்தத்தில்தான், மேவிஸ் கடையிலிருந்து நேரே போய் நெவில் வீட்டுக் கதவைத் தட்டினோம். “வாங்க வாங்க, டீ போடவா?” என்றார். நான் கேட்டேன், மழுப்பினார். திரும்பக் கேட்டேன், தோட்டத்துப் பட்டாணிச் செடியைப் பற்றிப் பேசினார். என் மகள்தான் கேட்டாள்: “எனக்காகவா அங்கிள்?” அந்தக் கேள்விக்கு மட்டும் அவரால் பொய் சொல்ல முடியவில்லை. அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

வாக்கெடுப்பு மணி அடிக்கிறது. எங்கள் அவையில் ஆதரிப்பவர் ஒரு வாசலிலும் எதிர்ப்பவர் மறு வாசலிலும் நுழைந்து பெயர் கொடுப்பதுதான் வாக்கு. நெவில் தேநீர் அறையில் வெண்ணெய் தடவிய திராட்சை ரொட்டியோடு அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய கட்சிக் கொறடா பாய்ந்து வருகிறார்.

“யோவ் நெவில்! உன் திருத்தத்துக்கு ஊரே ஓடுது, நீ ரொட்டி தின்னுட்டு இருக்க?”

“நான் ஜோடி கட்டிருக்கேன்.”

“ஜோடியாவது மண்ணாவது! அந்தம்மாதான் வந்துட்டாங்களே! இப்பதான் அந்தப் பக்கம் போறதப் பாத்தேன்.”

கொறடா யாரைப் பார்த்தாரோ, பார்க்காமலே சொன்னாரோ, நான் அறியேன். அறிய விரும்பவும் இல்லை. ஆனால் அதைக் கேட்டதும் நெவிலுக்கு என்ன தோன்றியது தெரியுமா? ‘வாக்கு கிடைத்தது’ என்று தோன்றவில்லை. ‘பொண்ணு கண்ணு முழிச்சிருச்சு, அதான் ஹெஸ்டர் வந்துட்டாங்க’ என்று தோன்றியதாம்! ரொட்டியைப் பாதியில் போட்டுவிட்டு, சிரித்த முகத்தோடு ஆதரவு வாசலில் நுழைந்திருக்கிறார். பெயர் கொடுத்தார். வெளியே வந்தார். எங்கள் கட்சிக்காரர் ஒருவரைப் பிடித்து, “ஹெஸ்டர் பொண்ணு... இல்ல, ஹெஸ்டர் எங்க?” என்றார்.

“ஹெஸ்டரா? அவங்க வரலையே. ரெண்டு நாளா ஆளக் காணோம்.”

போட்ட வாக்கைத் திரும்ப வாங்க முடியாது, அன்பர்களே. அதை அழிக்க எங்கள் அவையில் ஒரே ஒரு வழிதான் உண்டு. எதிர் வாசலிலும் நுழைந்து, எதிராகவும் ஒரு வாக்குப் போட வேண்டும். கதவைப் பூட்ட ஆள் கையில் சாவியோடு நிற்கிறார். என்ன செய்வார் நெவில்? அவருக்குப் பின்னால் மார்ஷ்விக் இருக்கிறது. அவர் எழுதிய திருத்தம் இருக்கிறது. பிழை அவருடையது அல்ல, பொய் அவருடையது அல்ல, பேசாமல் நின்றிருந்தால் எவரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். நின்றாரா? நிற்கவில்லை. ஓடினார்! அறுபது வயதில், வாயில் ரொட்டித் துணுக்கோடு ஓடினார்! ஒப்பந்தத்தை ஆதரிப்பவர்கள் நிறைந்த எதிர்ப்பு வாசலில் நுழைந்தார். எங்கள் ஆள்கள் கட்சி மாறி வந்துவிட்டார் என்று கைதட்டினார்கள். அவருடைய ஆள்கள் வாசலில் நின்று, “துரோகி!” என்றார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, தன் திருத்தத்துக்கு எதிராகத் தன் பெயரைக் கொடுத்தார்.

முடிவு என்ன? சரிசமம். இருபுறமும் ஒரே எண்ணிக்கை. சரிசமம் என்றால் சபாநாயகர் உள்ளதை உள்ளபடி விடுவது மரபு. திருத்தம் வீழ்ந்தது.

அந்த இரண்டாவது வாசலில் அவர் நுழையாதிருந்தால், திருத்தம் வென்றிருக்கும். முணுமுணுக்கிறீர்கள். முணுமுணுங்கள், உங்கள் கடல் அது. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். நான் அன்று மகளை விட்டுவிட்டு வந்திருந்தால் எதிராகத்தான் வாக்களித்திருப்பேன். அப்போதும் சரிசமம்தான்! அவர் உங்களிடமிருந்து எதையும் எடுக்கவில்லை. ஒரு தாய் இல்லாத நேரம் பார்த்து எடுக்க மறுத்தார், அவ்வளவே.

பிறகு நீங்கள் கேட்டீர்கள், ஏன் அப்படிச் செய்தாய் என்று. ‘ஜோடி’ என்று சொன்னால், ‘யார் ஜோடி? ஏன் வரவில்லை?’ என்று அடுத்த கேள்வி வரும். அதனால் வாயே திறக்கவில்லை. தேர்தலில் தோற்றார், திறக்கவில்லை. அவர் பெயரை மீனுக்கு வைத்தீர்கள், அந்த மீனை வாங்கித் தின்றார், திறக்கவில்லை! ஆண்டுதோறும் எனக்கு வாழ்த்து அட்டை வரும். ‘நலம். இங்கே மழை. ரோவெனா எப்படி?’ அவ்வளவுதான் இருக்கும். ஐயோ நெவில், ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா!

நன்றி சொல்ல வந்தவள் நான். எதற்கு நன்றி? அன்று மாலை என் மகள் கண் திறந்தாள். திறந்ததும் என்ன கேட்டாள் தெரியுமா? “அம்மா, உனக்கு இன்னிக்கு ஓட்டு இல்லியா?” என்றாள்.

அவள் பிறந்தநாளில் அந்த மணி அடித்தது, நான் ஓடினேன். அவள் பள்ளி நாடகத்தில் மேடையேறியபோது அடித்தது, ஓடினேன். அன்று நான் சொன்னேன், “இல்லடி கண்ணு. இன்னிக்கு எங்கயும் போகல.” அவள் என் விரலை இறுக்கிப் பிடித்தாள். பிற்பாடு சொன்னாள், அந்தக் கணத்தில் கட்டிலருகே காலி நாற்காலி இருந்திருந்தால் திரும்பவும் கண்ணை மூடியிருப்பேன் என்று. அந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்தவர் இந்த மனிதர். விலை கொடுத்தவரும் அவர்தான். அவரை அப்படி வளர்த்த ஊர் இந்த ஊர். உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்வேன், தாய்மார்களே!

ரோவெனா, எழுந்து நில்லம்மா. இதோ, மூன்றாம் வரிசையில் நீலச் சட்டையில் நிற்கிறாளே, அவள்தான். பிரிஸ்டலில் பாலம் கட்டுகிறாள். பாருங்கள், நன்றாகப் பாருங்கள். உங்கள் எம்.பி. உங்களுக்கு என்ன செய்தார் என்று கேட்டீர்களே, இவளை உயிரோடு வைத்தார்.

என்ன மேவிஸ் அம்மா? கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்லுங்கள், கேட்கவில்லை. “பலகையில இருந்து அந்தப் பேர நாளைக்கே அழிச்சிடறேன்” என்கிறீர்களா? அழிக்காதீர்கள்! உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், அழிக்காதீர்கள்! நாளை ஒரு பிள்ளை வந்து, “கார்ஃபிட்டுன்னா என்னக்கா?” என்று கேட்கும். அப்போது சிரிக்காமல் சொல்லுங்கள்: “குடுத்த சொல்லுக்காக ரெண்டு பக்கமும் அடி வாங்குனவன் பேரும்மா அது.”

கதவோரத்து நண்பரே, நீங்களுமா எழுந்து நிற்கிறீர்கள்? தொப்பியையும் கழற்றிவிட்டீர்களே! நன்றி, ஐயா. என் வாழ்நாளில் ஒரு குறுக்குக் குரலுக்கு இவ்வளவு நன்றி சொன்னதில்லை.

டவ்ஸ் ஐயா சுத்தியலைக் கையில் எடுத்துவிட்டார், ஆனால் தட்டாமல் மூக்கைச் சிந்துகிறார். ஆகவே நானே முடித்துக்கொள்கிறேன். சோறு போட்ட கடலுக்கும், என்னைப் பேச விட்ட சங்கத்துக்கும், இவ்வளவு நேரம் என்னைப் பொறுத்துக்கொண்ட உங்கள் நல்ல மனத்துக்கும் தாயொருத்தியின் நன்றியும் வணக்கமும். வாத்தியக் குழுவினரே, நிறைவுப் பாட்டுக்கு ஆயத்தமாகுங்கள். நெவில், குழலை எடுத்துக்கொண்டு முன்வரிசைக்கு வாருங்கள். ரோவெனா உங்களுக்கு நாற்காலி போட்டு வைத்திருக்கிறாள்.