இறக்கத்துக்குக் கழித்தல்

அழிக்க மாட்டேன் சார். ரப்பரை அந்தப் பக்கம் வையுங்க. செவப்பு மையில குறுக்க கோடு இழுத்தது நீங்க, எடுக்க வேண்டியதும் நீங்கதான். திங்கக்கெழமை காலையில இந்தத் தாளு எனக்குச் சுத்தமா வேணும்.

கோவமெல்லாம் இல்லீங்க. பொண்ணுங்க போகட்டும்னுதான் இவ்வளவு நேரம் உக்காந்திருந்தேன். அதுங்க இருந்தா, தாத்தா ஆரம்பிச்சுட்டாருன்னு வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கும். எழுபத்தொரு வயசுல பதினொண்ணாவது இயற்பியல் படிக்க வந்தவனைக் கடைசி பெஞ்சுல சேத்துக்கிட்டீங்க, அந்த மரியாதை மனசுல இருக்குது. ஆனாக்க கணக்குன்னு வந்துட்டா மரியாதை பாக்க முடியாது பாருங்க.

மொத நாளே நீங்க என்னைய நம்பல. உராய்வே இல்லாத சாய்தளம்னு போர்டுல எழுதுனீங்க, நான் பாத்திருக்கறேன்னு கை தூக்குனேன். ஏரியூர்ல எங்க மாமன் வண்டியில கடலெண்ணெய் டின்னு பன்னெண்டும் ஒடைஞ்சு ரோடு பூரா எண்ணெய். மாடு ரெண்டும் காலை மடக்கி உக்காந்துக்கிட்டு, அசை போட்டுக்கிட்டே வந்துச்சுங்க. சக்கரம் ஒரு சுத்து சுத்தல. நாகமரையில ஆத்துத் தண்ணி தொட்டப்புறந்தான் வண்டி நின்னுச்சு. இப்பவும் சிரிக்கறீங்க. புஸ்தகத்துல போட்டா பாடம், நான் சொன்னா புளுகா?

சரி, கணக்குக்கு வர்றேன். லாரி பிரேக்கு போட்டுருச்சு, சக்கரம் நின்னுபோச்சு, தேச்சுக்கிட்டே போகுது. ரோடு பின்னால புடிச்சு இழுக்குது, அதுக்கு ஒரு அம்புக்குறி. எறக்கம் முன்னால தள்ளுது, அதுக்கு ஒண்ணு. ரெண்டும் எதிரெதிர். கழிக்கணுமா கூட்டணுமா? நீங்க சொல்லிக் குடுத்ததுதானே. பாயிண்ட் ஆறுல பாயிண்ட் பூஜ்யம் ஏழு போனா பாயிண்ட் அஞ்சு மூணு. நீங்க கூட்டி, பாயிண்ட் ஆறு ஏழுன்னு ஓரத்துல எழுதியிருக்கறீங்க. கூட்டுனா லாரி மேட்டுல ஏறுது சார்.

ஆமாங்க, புஸ்தகத்துல ஏழாவது கணக்குல ஏறுது. என் தாள்ல எறங்குது.

லாரியோட எடையக் காணோமா? எடை எதுக்குங்க? சமன்பாட்டுல ரெண்டு பக்கமும் இருக்குதுன்னு நீங்கதானே அடிச்சு விட்டீங்க. அன்னிக்கு நான் எந்திரிச்சு நின்னு, நெசமாவான்னு மூணு தடவை கேட்டேன். பாரம் ஏத்துனாலும் ஏத்தாட்டியும் தேச்சு நிக்கற தூரம் ஒண்ணுதான்னு சொன்னீங்க. அதைக் கேட்டுட்டு வூட்டுக்குப் போயி ரெண்டு கிண்ணம் களி சேத்துத் தின்னேன்.

பாயிண்ட் ஆறு எங்கிருந்து வந்துச்சா? ரோட்டை எடை போட்டேன். அட, இது நெசம் சார். கம்பைநல்லூர் புளி வியாபாரி நிசார் அகமதுகிட்ட தொங்கு தராசு ஒண்ணு இரவல் வாங்குனேன். அதே லாரியோட பழைய டயரு, அதுல கல்லக் கட்டி, மொத்தம் இருவது கிலோ. அதே தாரு ரோட்டுல மட்டமான எடமாப் பாத்துப் போட்டு, தராசக் கொக்கியில மாட்டி ஒரே சீரா இழுத்தேன். முள்ளு பன்னெண்டுல நின்னுச்சு. இருவதுக்குப் பன்னெண்டு, பாயிண்ட் ஆறு. எட்டு தடவை இழுத்தேன், இடுப்பு இன்னும் நேராகல. பஸ்ஸுல போனவங்க எல்லாம் எட்டிப் பாத்து, பெருசுக்கு முத்திப்போச்சுன்னாங்க.

எறக்கம் அளந்ததும் நான்தான். கொத்தனாரு ட்யூப்புல தண்ணி ஊத்தி மட்டம் புடிச்சேன். பத்து மீட்டருக்கு எழுபது சென்டி எறங்குது, அதான் பாயிண்ட் பூஜ்யம் ஏழு.

இருபத்தி நாலு மீட்டரா? அது நான் அளந்ததில்லீங்க. போலீசு அளந்தது.

எதுக்குப் படிக்க வந்தேன்னு நீங்க கேட்டப்ப, ராக்கெட்டு விடறவங்க என்னைய வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்கன்னேன். முன் பெஞ்சுப் பொண்ணு சோபனா கேட்டதுக்கு, பொண்டாட்டிகிட்ட பந்தயம் கட்டியிருக்கறேன்னேன். பழக்கதோஷங்க, வாயத் தொறந்தா அதுவா வருது.

எம் மவ சுகுணா பாலக்கோட்டுல இருந்து தக்காளி லாரி ஓட்டறா. அந்த எறக்கத்துல குறுக்க பைக்கு வந்துருச்சு. இவ அடிச்சா பிரேக்கு. பம்பர் முனை பட்டு அந்தாளுக்குக் கால் முறிஞ்சுபோச்சு. பாவம், ஆஸ்பத்திரியில போய்ப் பாத்துட்டுத்தான் வந்தேன். லாரி எதுலயும் மோதல, ரோட்டுல தேச்சுக்கிட்டே போயித் தானா நின்னுச்சு. ரோட்டுல விழுந்த டயரு கோடு இருபத்தி நாலு மீட்டரு. அங்க வேகத்துக்குப் போர்டு அறுபது. இவ தொண்ணூறுல, அளவுக்கு மீறின பாரத்தோட வந்தான்னு கேசு எழுதியிருக்காங்க. தொண்ணூறுன்னா அந்தக் கோடு அறுவது மீட்டருக்கு இருந்திருக்கணும். அதையும் போட்டுப் பாத்துட்டேன்.

யாரு சாட்சியா? நான்தான். பக்கத்து சீட்டுல உக்காந்திருந்தேன். முள்ளு அம்பத்தஞ்சுல இருந்துச்சு, என் ரெண்டு கண்ணால பாத்தேன். ஸ்டேஷன்ல சொன்னேன். எழுதறவரு பேனாவைக் கீழ வெச்சுட்டாரு. சிறுத்தையைத் துண்டுல கட்டிப்போட்ட கதைய போன வருஷம் டீக்கடையில அவருகிட்டயே சொல்லியிருக்கறேன். பெருசு, சிறுத்தையும் லாரியில இருந்துச்சான்னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. சுகுணா சிரிக்கல. நீ பேசாம இருந்திருக்கலாம்பான்னு சொல்லிட்டு எறங்கிப் போயிட்டா.

வக்கீலம்மாவும் சொல்லிட்டாங்க, உங்க வாய்ச்சொல்லு வேணாம் பெரியவரே, தாளா இருந்தா குடுங்கன்னு. அதுக்குத்தான் ஆறு மாசம் இந்தக் கடைசி பெஞ்சு. திங்கக்கெழமை கோர்ட்டுல கேசு வருது. உங்க கூட்டல்ல வேகம் அறுபத்து நாலு வருது சார், எம் பொண்ணு குத்தவாளி. என் கழித்தல்ல அம்பத்தேழு.

நான் பாத்ததைவிட ரெண்டு கூடத்தான் வந்திருக்குது. புளுகறவனா இருந்தா அந்த ரெண்டைக் கொறைக்க மாட்டனா? வந்ததை அப்படியே எழுதியிருக்கறேன்.

இந்தாங்க வெறுந்தாளு. நீங்களே மொதல்ல இருந்து போடுங்க. நான் வெளிய நிக்கறேன், என் மூஞ்சியப் பாக்காம போடுங்க.