ஆயிரத்து முன்னூற்று எண்பத்து நான்கு பேர்

மேடையில் வீற்றிருக்கும் மதிப்புக்குரிய பாதிரியார் ஹெய்க்கிலா அவர்களே, டுலூத் ஸ்டர்ஜன்ஸ் ரக்பி கிளப்பின் உரிமையாளரும் இந்நகரத்தாரின் நல்லுறக்கத்துக்காக மெத்தை விற்று வருபவருமான திரு. கல்லஹான் அவர்களே, லீக் தலைமையகத்திலிருந்து விமானம் பிடித்து வந்திருக்கும் திரு. பிரஸ்காட் அவர்களே, முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் திருமதி ஐலி லெஹ்தினன் அவர்களே, மாதா கோயிலின் மடக்கு நாற்காலிகள் தாங்காது என்பதால் பின்சுவரை ஒட்டி நிற்கும் எங்கள் வீரர்களே, திரளாக வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே!

திரளாக என்று நான் சும்மா சொல்லவில்லை. என் பெயர் டெனிஸ் ஸ்கோக். கிளப்பில் ஆட்ட நாள் மேலாளர். வாசலைத் திறப்பது, வருகிறவர்களை எண்ணுவது, ஆட்டப் பதிவேட்டில் கையெழுத்திடுவது, இவை என் வேலை. பழக்கம் விடவில்லை. இன்றும் வாசலில் நின்று எண்ணிவிட்டேன். அறுநூற்று நாற்பது பேர் வந்திருக்கிறீர்கள். உங்களில் பாதிப் பேரை நான் மைதானத்தில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. இப்போதாவது வந்தீர்களே, நன்றி!

எங்கள் அறிவிப்பாளர், எங்கள் குரல், ஆர்வோ லெஹ்தினன் மறைந்துவிட்டார். அவரைப் புகழ்ந்து பேச என்னை அழைத்திருக்கிறார்கள். புகழ்வது எளிது. ஆனால் என் சட்டைப் பையில் ஒரு தாள் இருக்கிறது. இன்று மாலை ஐந்து மணிக்குள் அதில் நான் கையெழுத்திட வேண்டும். இட்டால் கிளப் பிழைக்கும். இடாவிட்டால் நாளை முதல் கிளப் கிடையாது. அந்தத் தாளில் எழுதியிருப்பது ஆர்வோவைப் பற்றி. எழுதியிருப்பது பொய். என் நிலைமை இதுதான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு என் புகழுரையைக் கேட்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

யார் இந்த ஆர்வோ? முப்பத்தோரு ஆண்டுகள் நம் தூக்குப் பாலத்தை இயக்கியவர். ஏரியிலிருந்து கப்பல் ஊதினால் பாலத்திலிருந்து பதிலுக்கு ஊதியவர். ஓய்வு பெற்ற மறு வாரம் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, "ஒலிபெருக்கியில பேச ஆள் வேணுமாமே? நான் பேசுறேன். ஆனா எனக்கு இந்த ஆட்டத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாது" என்றார். இந்நகரில் யாருக்கும் தெரியாது என்பதால் அதை நாங்கள் ஒரு குறையாகக் கருதவில்லை.

அன்றிரவே விதிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனார். ஏழு பருவங்கள்! ஒவ்வொரு ஆட்டத்திலும், ஒவ்வொரு விசிலுக்கும், ஏன் ஊதினார்கள் என்று மக்களுக்கு விளக்கினார். கேட்டவர்கள் அடுத்த ஆட்டத்துக்கு வரமாட்டார்கள். வேறு ஆட்கள் வருவார்கள். அவர்களுக்கு மறுபடியும் முதலிலிருந்து விளக்கினார். சலித்துக்கொண்டாரா? ஒருநாளும் இல்லை!

ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு. எட்டுப் பேரும் எட்டுப் பேரும் தோள் கோத்துக் குனிந்து, தலையோடு தலை பூட்டித் தள்ளுவார்கள். பெரும்பாலும் அது பொத்தென்று சரிந்துவிடும். யார் சரித்தது என்பது நடுவருக்குத் தெரியும் என்பது ஒரு நம்பிக்கை. ஏப்ரல் மாதப் பனித்தூறலில் ஒரே ஸ்க்ரம் ஐந்து முறை சரிந்தது. கீழே இருக்கையிலிருந்து ஓர் அம்மாள் அறிவிப்பு அறையைப் பார்த்துக் கத்தினார்:

"ஆர்வோ! இப்ப யாரு மேல தப்பு?"

ஒலிபெருக்கியில் பதில் வந்தது: "தெரியலம்மா. பதினாறு பேரு கீழ கிடக்காங்க. எழுந்திரிக்கட்டும், கேட்டுச் சொல்றேன்."

ஆட்டம் முடிந்ததும் உண்மையாகவே போய்க் கேட்டார். எங்கள் அணித் தலைவர் செஃபோ, சமோவாவிலிருந்து வந்தவர், முன்வரிசையில் தள்ளுபவர், சேறு வழியும் முகத்தோடு சொன்னார்: "நான்தான் பெரியவரே. ஆனா நடுவர் எதிர்ல தள்ளினவன்னு நெனச்சுட்டாரு. விட்டுடுங்க." ஆர்வோ விடவில்லை. அடுத்த ஆட்டத்தின் தொடக்கத்தில், "சென்ற சனிக்கிழமை கேட்ட அம்மையாருக்கு: தப்பு நம்முடையது" என்று அறிவித்தார். அந்த அம்மாள் அன்று வரவில்லை. வந்திருந்த எதிரணி கேட்டு மகிழ்ந்தது.

வெளியூர் அணியின் பேருந்து வந்து நின்றதும் முதலில் ஏறுகிறவர் அவர்தான். கையில் பெயர்ப் பட்டியல். ஒவ்வொருவரிடமும், "உன் பேரை உங்கம்மா எப்படிக் கூப்பிடுவாங்க?" என்று கேட்டு எழுதிக்கொள்வார். பிஜித் தீவு இளைஞர் ஒருவர், ஏழு அசை கொண்ட தன் பெயர் அமெரிக்காவில் முதல்முறையாக முழுசாகக் காற்றில் ஒலித்ததைக் கேட்டு, பந்தைக் கீழே விட்டுவிட்டார். அதனால் நாங்கள் அன்று வென்றோம். அந்தப் பருவத்தின் ஒரே வெற்றி அது. ஆட்டம் முடிந்தபின் உள்ளூர் அணி விருந்தாளி அணிக்குச் சோறு போட வேண்டும் என்பது ரக்பியில் வழிவழியாக வரும் வழக்கம். அதைக் கிளப் மறந்தபோதெல்லாம் ஆர்வோவின் மனைவி ஐலி அம்மையார் மறக்கவில்லை. இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடுக்கிச் சுட்ட தட்டுகளோடு, உடைத்தவனுக்கும் உடைபட்டவனுக்கும் ஒரே மேசையில் பரிமாறினார்.

இப்போது எண்ணிக்கைக்கு வருகிறேன்.

எங்கள் லீக்கில் கூட்டத்தை எண்ணுவதில் தாராள மனம் உண்டு. பள்ளிகளுக்கு அனுப்பிய இலவசச் சீட்டுகளை எண்ணுவார்கள். வந்தாலும் வராவிட்டாலும் சரி. தொத்திறைச்சி விற்பவரை எண்ணுவார்கள், வெளியே போய் உள்ளே வந்தால் இருமுறை. வர நினைத்தவர்களையும் சிலர் சேர்ப்பதாகக் கேள்வி. ஆர்வோ மட்டும், "எண்ணினதச் சொல்றேன். எண்ணாததச் சொல்லமாட்டேன்" என்றார். எங்கள் மைதானத்தில் ஏழு ஆண்டுகள் எண்ணிக்கையே அறிவிக்கப்படவில்லை. எல்லாருக்கும் அது வசதியாக இருந்தது.

இந்த ஆண்டு லீக் ஒரு நிபந்தனை போட்டது. கடைசி உள்ளூர் ஆட்டத்துக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு பேராவது வர வேண்டும். எண்ணிக்கையை ஒலிபெருக்கியில் அறிவித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். குறைந்தால் கிளப்பை மூடிவிடுவார்கள்.

மே மாதம் பத்தாம் தேதி. ஏரியிலிருந்து ஆலங்கட்டி மழை பக்கவாட்டில் அடித்தது. தெற்கு வாசலில் நான் எண்ணினேன். வடக்கு வாசலில் எண்ண வேண்டிய ஆள் வரவில்லை. ஆர்வோவே போய் நின்றார். இடைவேளையில், மேலே அறிவிப்பு அறையில், இருவர் கணக்கையும் கூட்டினோம். ஆயிரத்து முன்னூற்று எண்பத்தைந்து.

"உன்னோடதுல ஒரு நாய் இருக்கு," என்றார்.

"அது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வருது ஆர்வோ. பாதி ஊரைவிட ஒழுங்கா வருது."

"வரட்டும். அது ஆளு இல்ல, நாயி. கழி."

ஆயிரத்து முன்னூற்று எண்பத்து நான்கு.

கீழே போனேன். திரு. கல்லஹான் ஒரு சீட்டில் 2,611 என்று எழுதி என் கையில் கொடுத்தார். அதை மேலே எடுத்துப் போனவன் நான்தான். நான் தடுக்கவில்லை. வாதாடவில்லை. படியேறினேன், அவ்வளவுதான்.

ஆர்வோ சீட்டைப் பார்த்தார். "யாரு எண்ணினது?"

"யாரும் எண்ணல. ஆனா இதைப் படிச்சா கிளப் நிக்கும்."

"டெனிஸ், முப்பத்தோரு வருஷம் பாலத்துல இருந்தேன். கப்பல்காரன் கேப்பான், எவ்வளவு தூக்கியிருக்கேன்னு. அவன் மனசு சந்தோஷப்படணும்னு பத்தடி கூட்டிச் சொன்னா என்னப்பா ஆகும்?"

"இது கப்பல் இல்ல ஆர்வோ. நாற்பது பேரோட பொழப்பு."

அவர் திரும்பி மைதானத்தைப் பார்த்தார். கண்ணாடிக்கு வெளியே செஃபோ சேற்றிலிருந்து எழுந்துகொண்டிருந்தார். பிறகு ஆர்வோ என்னைப் பார்த்து, "எனக்கும் தெரியும்ப்பா. தெரிஞ்சுதான் சொல்லப்போறேன்" என்றார். ஒலிபெருக்கியை முடுக்கினார்.

"இன்று வந்திருப்பவர்கள் ஆயிரத்து முன்னூற்று எண்பத்து நான்கு பேர். இந்த மழையில் வந்ததற்கு நன்றி."

கூட்டம் கைதட்டியது! தன் தலையில் விழுந்த தீர்ப்புக்கு எழுந்து நின்று கைதட்டிய கூட்டத்தை வேறெங்காவது கண்டதுண்டா? எண்ணப்பட்டதே அவர்களுக்குப் பெருமையாக இருந்திருக்கலாம். நானும் பதிவேட்டில் அதே எண்ணை எழுதிக் கையெழுத்திட்டேன். எனக்கு வீரம் வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஊரே கேட்டுவிட்ட பிறகு வேறு எதை எழுதுவது?

மறுநாள், பதினோராம் தேதி காலை, சமையலறையில், கையில் காபிக் கோப்பையோடு ஆர்வோவின் இதயம் நின்றது.

இரண்டு நாள் கழித்து லீக்கிலிருந்து இந்தத் தாள் வந்தது. "அறிவிப்பாளர் உடல்நலக் குறைவால் குழம்பிய நிலையில் தவறான எண்ணைப் படித்தார். பதிவேட்டில் அதுவே பதிந்தது. சரியான எண் 2,611." கீழே என் பெயர். பெயருக்கு மேல் ஒரு கோடு. அவர் உயிரோடு இருந்தவரை இப்படி ஒரு வழி யாருக்கும் தோன்றவில்லை. இறந்தவர் மறுத்துப் பேசமாட்டார் அல்லவா? ஏழு ஆண்டு உழைத்தவர், கடைசியாக இந்த உதவியையும் செய்துவிட்டுப் போயிருக்கிறார் என்று தலைமையகம் கருதுகிறது.

திரு. பிரஸ்காட் நல்லவர். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. கிளப்பை மூட அவருக்கும் மனமில்லை. நேற்று அவரிடம், "மேடையில் நான் உண்மையைச் சொன்னால்?" என்று கேட்டேன். "தாராளமா சொல்லுங்க. அழுங்க, திட்டுங்க. மேடைப் பேச்சு எங்க கோப்புல வராது. எனக்குத் தாள்தான் வேணும்" என்றார். ஆகவே நான் இங்கே பேசியது எதையும் மாற்றப்போவதில்லை. பேச்சுரிமையின் முழுப் பயனை இன்றுதான் உணர்கிறேன்.

செஃபோ முந்தாநாள் என் வீட்டுக்கு வந்தார். கிளப் இருக்கும்வரைதான் அவர் இந்த நாட்டில் இருக்க முடியும். மூடினால் அறுபது நாளில் குடும்பத்தோடு வெளியேற வேண்டும். கையெழுத்துப் போடச் சொல்லி அவர் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. வாசலிலேயே நின்றுகொண்டு, "பள்ளிக்கூடத்துல, என் பொண்ணுங்க ரெண்டு பேரும் அடுத்த வருஷம் வருவாங்களான்னு கேக்குறாங்க. நான் என்னண்ணே சொல்ல?" என்றார். காபி குடிக்கிறாயா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

பிறகு ஐலி அம்மையாரிடம் போனேன். இதைச் சொல்ல அவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். தாளைப் படித்துவிட்டு மடித்து என்னிடமே கொடுத்தார்.

"போட்டுடு டெனிஸ்."

"அவர் குழம்பல, ஐலி. நாயைக்கூடக் கழிச்சாரு."

"நாப்பத்தாறு வருஷம் கூட இருந்தவகிட்ட வந்து சொல்றியா? காலையில மாத்திரையக்கூட எண்ணி எண்ணித்தான் போடுவாரு. அவருக்கு ஒண்ணும் இல்ல. அந்தப் பசங்க எங்க மேசையில சாப்பிட்டவங்க. அவரு போயிட்டாரு. இனி அவரை ஒண்ணும் செய்யாது. அவங்களச் செய்யும். போட்டுடு."

"சரி."

"ஆனா என் கண்ணு முன்னால போடாத. போட்டேன்னும் வந்து சொல்லாத. அடுத்த வருஷம் கிளப் இருந்தா நான் தெரிஞ்சுக்கறேன்."

அன்பர்களே! இத்தகைய கூட்டங்களில் கடைசியாகப் பேசுகிறவர், மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று சூளுரைப்பது மரபு. நானும் சூளுரைக்க விரும்புகிறேன். எதைத் தொடர்வோம்? வெளியூர்ப் பேருந்தில் ஏறிப் பெயர்களைக் கேட்போம். தொடர்வோம்! ஸ்க்ரம் சரிந்தால் யார் தப்பு என்று விசாரித்துச் சொல்வோம். தொடர்வோம்! விருந்தாளிகளுக்குச் சோறு போடுவோம். தொடர்வோம்! எண்ணியதைச் சொல்வோம், எண்ணாததைச் சொல்லமாட்டோம் என்று... இந்த இடத்தில் உங்கள் குரலும் என் குரலும் சேர்ந்து ஒலித்திருக்க வேண்டும். மன்னியுங்கள். இதை மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை.

ஆர்வோ லெஹ்தினன் குழம்பவில்லை. என்ன செய்கிறோம் என்று தெரிந்தே செய்தார். இதை ஊரறியச் சொல்லும் கடைசி ஆள் நான். இன்னும் ஒரு நிமிடத்துக்குப் பிறகு இதை நான் எங்கே சொன்னாலும் என் கையெழுத்தே என்னை மறுக்கும்.

மணி நாலே முக்கால் ஆகிறது. அவருக்காக ஒரு நிமிடம் மௌனம் காப்போம். அனைவரும் எழுந்து நில்லுங்கள். நாற்காலிச் சத்தம் அடங்கட்டும். வீரர்களே, நீங்கள் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிறீர்கள், தலையை மட்டும் தாழ்த்துங்கள். ஐலி, நீங்கள் உட்கார்ந்தே இருக்கலாம்.

எல்லாரும் கண்களை மூடிக்கொள்ளுங்கள். தயவுசெய்து நன்றாக மூடுங்கள். நான் சொல்லும்வரை யாரும் திறக்க வேண்டாம். பேனா என்னிடம் இருக்கிறது.