மைதாப் பசை

— வினோதா, பேப்பர் உரிய மாட்டேங்குது. தண்ணி தெளிச்சு தெளிச்சு கையே ஊறிப்போச்சு. போன்ல மெதுவா பேசு, வீட்டு ஓனர் சுஜாதா மேடம் ஹால்லதான் நிக்கிறாங்க.

— நான் இன்னா கத்தறனா? ஸ்பாஞ்ச நனைச்சு அமுக்கி வைங்க. ஊறினா தன்னால வரும்.

— வரலங்கறன். இழுத்தா கலர் கண்ணாடியும் சேந்து வருது. ரெண்டு இதழ் போச்சு. விடிஞ்சா பால் காய்ச்சறாங்க, பூஜை ரூம் செவுத்துல தாமரை மூளியா நிக்குது.

— இழுக்காதீங்க. பேப்பர மைதாப் பசையிலதான ஒட்டினீங்க?

— பசைன்னா பசைதான.

— ஏங்க, கிண்ணம் நெறயக் காய்ச்சிக் குடுத்தன்ல?

— அது கஞ்சி மாதிரி இருந்துச்சு. நான் எடுத்துப் போடற வீடியோல அசிங்கமாத் தெரியும்னு, கதவுக்கு ஒட்டற கோந்து போட்டன். தண்ணி பட்டாலும் விடாதுன்னு டப்பாலயே போட்டிருந்துச்சு, சரியா?

— கரையணும்னுதாங்க மைதா. கண்ணாடிய அடுக்கி, மேல பேப்பர் ஒட்டறது, கலையாம தூக்கிட்டுப் போயி செவுத்துல பதிக்க. பதிச்சதும் பேப்பர் நனைஞ்சு கழண்டு வந்துடணும்.

— பாடம் எடுக்காத. வழி சொல்லு.

— வழி இல்ல. சிமெண்ட் காயறதுக்குள்ள மொத்தத்தயும் பேத்து எடுங்க.

— இன்னாடி, இவ்ளோ லேசா சொல்ற?

— லேசாவா? விரல் விரலாக் கிழிச்சுக்கிட்டு வெட்டினது நான். கேமரா முன்னாடி நீங்க, எல்லாம் நானே வெட்டினதுன்னு சொல்றீங்க. என்ன வெளிய வராதன்னு அடுப்படியில வெச்சு சாத்திட்டீங்க. வயிறு எரிஞ்சுதுங்க.

— கம்பெனியில வெளிய அனுப்புன நாள்லேர்ந்து நம்ம உத்தனப்பள்ளியே என்ன எப்படிப் பாக்குதுன்னு உனக்குத் தெரியாதா? பொண்டாட்டி உழைப்புல தின்றான், சரியா? எனக்கும் ஒரு பேர் வேணாமா?

— வேணும். ஒரு மூலையில என் பேரயும் போடுங்கன்னுதான் கேட்டன். இன்னா சொன்னீங்க?

— அத வுடு இப்ப.

— கண்ணாடி ஒட்டறவளுக்கு எதுக்குடி பேருன்னீங்க.

— தப்புதான், போதுமா? இங்க பாரு. இது முழுக்க என் வீட்டுக்காரி செஞ்சது, பசையில தப்புப் பண்ணிட்டான்னு மேடம்கிட்ட சொல்லப்போறன். நீ ஆமான்னு சொன்னாப் போதும். பொம்பள தப்புன்னா மேல பேச மாட்டாங்க.

— ஓ. இப்ப என் பேர் போடலாம்.

— உன் கால்ல வேணா விழறன். இந்த ஜூஜுவாடி அபார்ட்மென்ட்டுல இன்னொரு வீட்டுக்காரன் என்ன உள்ள விடமாட்டான், வினோதா. ஏற்கெனவே ஒரு தடவ வேல போனவன் நான். ஐயோ, மேடம் வர்றாங்க... இல்லீங்க மேடம், நான் செய்யல. என் வீட்டம்மா செஞ்சது. லைன்லதான் இருக்கா, நீங்களே கேளுங்க.

— ஹலோ, வினோதாவா? சுஜாதா பேசறேன்மா. தினேஷ் இத்தன நாளு தன் கைவேலைன்னாரு. இப்ப நீங்க செஞ்சதுங்கறாரு. நிஜமாவா?

— இல்ல மேடம். எனக்குக் கண்ணாடி வெட்டக்கூடத் தெரியாது. முழுக்க அவரு கையால செஞ்சதுதான்.