மிஷினுக்கு மணிக்கணக்கு, மனுஷிக்கு நாள்கணக்கு

கரணை பிடித்துக் காய்த்த கையோடு இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் கொத்தனார் முருகையன் அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே! சிமெண்டு படிந்த சேலையோடு, வீட்டுக்கும் போகாமல், முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் சித்தாள் தாய்மார்களே! தேரடியில் நின்றபடியே செவிசாய்க்கும் தோழர்களே! உங்கள் அனைவரையும் வணங்கி, மூன்று வாரமாக என் நெஞ்சை விட்டு நீங்காத ஓர் அதிர்ச்சியை இறக்கி வைக்க வந்திருக்கிறேன்.

போன மாதம் செங்கம் சாலையில் ஒரு விடுதிக்குத் தளம் போட்டார்கள். தளம் என்றால் தெரியுமல்லவா? தொடங்கிவிட்டால் பாதியில் நிறுத்த முடியாது. நிறுத்தினால் ஒட்டுப்போட்ட இடம் மழைக்கு ஒழுகும். காலையில் சாரம் ஏறிய சித்தாள் இருட்டிய பிறகுதான் இறங்குவாள். ஆனால் கூலி? ஒரே ஒரு நாள் கூலி!

யாரப்பா அது? "பிரியாணி போட்டாங்களே" என்கிறாயா? போட்டார்கள், போட்டார்கள்! பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு ஃபீசாக அந்த எலும்பையா கட்டுவாள்?

கேளுங்கள். அன்று நடுப்பகலில் கலவை மிஷின் சூடாகிவிட்டது. மேஸ்திரி மூர்த்தி பதறினார். "டேய், நிறுத்துங்கடா, மிஷினுக்கு ரெஸ்ட் குடுங்க" என்றார். நல்லது! அந்த நேரத்தில் பெண்களிடம் என்ன சொன்னார்? "சும்மாதானே நிக்கறீங்க, மணல அள்ளிப் போடுங்க" என்றார். இரும்புக்கு இளைப்பாறல், இடுப்புக்கு இல்லையா?

மாலை ஆறு மணி. மிஷின்காரர் வந்தார். "ஆறுக்கு மேல ஓட்டினா மணிக்கு வாடகை ஜாஸ்தி ஆவும்" என்றார். மேஸ்திரி மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். இதோ, முதல் வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாளே தனம், அவள் தலைச்சட்டியை இறக்கி வைத்தாள்.

"அண்ணே, மிஷினுக்கு ஜாஸ்தி குடுக்கறீங்க. எங்களுக்கு?"

"அது வாடகைம்மா. நீ ஆளு. ஆளுன்னா நாள் கணக்குதான்."

"நாளு ஆறு மணிக்கே முடிஞ்சிடுச்சே, அண்ணே?"

"ரொம்பப் பேசற. நாளையிலேர்ந்து நீ வராத!"

தோழர்களே, தனம் சொல்லக் கேட்டு நான் திகைத்துப்போனேன்! அந்த மிஷினின் ஒரு மணி நேர வாடகை, தனத்தின் ஒரு முழு நாள் கூலியைவிட அதிகம்! ஊரெல்லாம் அலைந்து விசாரித்தேன். கழனியில் மல்லாட்டைச் செடி பிடுங்கிக் கடலை ஆயும் பெண்ணுக்கு ஆணின் கூலியில் பாதி. விடுதியில் அறை பெருக்கும் பெண்ணுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல். தனத்தின் தங்கை வள்ளி பெங்களூரில் இதே சட்டியைத்தான் தூக்குகிறாள். பொழுது சாய்ந்த பிறகும் வேலை செய்தால், அங்கே அரைநாள் கூலி சேர்த்துத் தருகிறார்கள். ஏன்? பெங்களூர் சிமெண்டு கனமா? திருவண்ணாமலை சிமெண்டு லேசா? அங்கே ஓடுகிற கடிகாரம் இங்கே ஓடாதா?

மூன்று வாரமாகத் தனத்தை எந்த மேஸ்திரியும் கூப்பிடவில்லை. மூன்று வாரமாக அவள் வீட்டு அடுப்பு ஒருவேளைதான் எரிகிறது. அவள் கேட்டது கேள்வி, கிடைத்தது தண்டனை! நாளை வேங்கிக்காலில் ஒரு வீட்டுக்கு அதே மூர்த்தி மேஸ்திரி தளம் போடுகிறார். மற்ற எல்லாரையும் அழைத்திருக்கிறார், இவளை மட்டும் விட்டுவிட்டார். தாய்மார்களே, நீங்கள் போகப் போகிறீர்களா?

ராணியம்மாள் எழுந்து நிற்கிறார்! சத்தமாகச் சொல்லுங்கள் அம்மா!

"தனம் ஏறுனாதான் நாங்க ஏறுவோம்யா!"

கேட்டீர்களா! தட்டுங்கள் கையை, நன்றாகத் தட்டுங்கள்! டீக்கடை ஓரமாக நிற்கும் மூர்த்தி மேஸ்திரி அவர்களே, நகராதீர்கள், உங்களோடு எங்களுக்குப் பகையில்லை. பாதித் தளத்தில் சட்டியைப் போட்டுவிட்டு ஓடுகிறவர்கள் அல்ல எங்கள் பெண்கள். அதனால்தான் முந்தின நாளே, முகத்துக்கு நேரே, மைக் வைத்துச் சொல்கிறோம். தனத்தைக் கூப்பிடுங்கள். ஆறுக்கு மேல் மணிக்கு இவ்வளவு என்று பேசுங்கள். பேசிவிட்டு மிஷினை ஓடவிடுங்கள். இல்லையென்றால், நாளைக் காலையில் உங்கள் மிஷினே தலையில் சட்டியைத் தூக்கிக்கொண்டு சாரம் ஏறட்டும்!

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், தலைவருக்கும், மைக்செட் தம்பிக்கும் என் நன்றி. உழைக்கும் கைகள் அத்தனைக்கும் வணக்கம்!