ஈரத் துணிக்கு எட்டு நிமிடம்

அவையை நடத்தும் அன்புக்குரிய சந்திரகலா அம்மையார் அவர்களே, வயதில் மூத்த பெருமக்களே, ஞாயிற்றுக்கிழமைச் சமையலைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, நகக்கண்ணில் நீலமும் பச்சையும் நீங்காத நம் ஓவியர்களே, செலாயாங்கிலிருந்தும் டெங்கிலிலிருந்தும் இந்தப் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து, வண்டி நிறுத்த இடம் தேடித் தேடிக் களைத்த சகோதரர்களே, கடைசி வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கும் செபாஸ்டியன் அண்ணன் அவர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

முதலில் செய்தி. இப்போது மணி பதினொன்று இருபத்திரண்டு. இந்த நிமிடம் வரை, இருபத்து நான்கு படங்களில் இருபத்து மூன்று சுவரேறிவிட்டன. சொன்னவர் தேர்வுக்குழுச் செயலாளர் முகுந்தன். நானும் எண்ணிப் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது. இருபத்து நான்காவது இடத்தில் ஓர் ஆணி மட்டும் இருக்கிறது. அந்த ஆணி யாருக்காகக் காத்திருக்கிறது? டொரத்தி அக்காவுக்காக! பதினொன்றரைக்கு அவருடைய படத்தை ஈர வெள்ளைத் துணியால் துடைக்கப் போகிறார்கள். துணி வெள்ளையாகவே இருந்தால் படம் ஆணிக்கு. நிறம் ஒட்டினால் படம் வீட்டுக்கு.

ஏன் இவ்வளவு கடுமை? இந்தப் படங்கள் அடுத்த மாதம் கிள்ளானில் திறக்கவிருக்கும் டயாலிசிஸ் நிலையத்துக்குப் போகின்றன. கண்ணாடி போட்டால் விளக்குதான் தெரியும், ஓவியம் தெரியாது. ஆகவே கண்ணாடி இல்லை. ஆனால் அங்கே சுவரைத் தினமும் துடைப்பார்கள். படத்தை மட்டும் விடுவார்களா?

டொரத்தி அக்கா அப்படிப்பட்ட வார்டில் இருபத்தாறு ஆண்டு தாதியாக இருந்தவர். குழுக் கூட்டத்தில் அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். “நாலு மணி நேரம் படுத்துக்கிட்டு அந்த வெள்ளச் சுவரையே பார்ப்பாங்க லா. ஒருத்தரு சீலிங்ல உள்ள ஓட்டையெல்லாம் எண்ணி எங்கிட்ட சொல்வாரு. அவங்களுக்கு ஒரு மழையாவது காட்டணும்.”

மழைதான் வரைந்தார், ஒரு மரப்பலகையில். கிள்ளான் ஆற்றின் மேல் கொட்டும் மழை. அக்ரிலிக் பெயின்டை நீராய்க் கரைத்து, மெல்லிய பூச்சின் மேல் மெல்லிய பூச்சாகப் பூசி, நீலத்துக்குள் சாம்பல், சாம்பலுக்குள் பாலம்.

சரி, இந்த ஈரத் துணிச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் யார்? பின்வரிசையில் என்ன சிரிப்பு? தெரிந்தவர்கள் வாயைத் திறக்காதீர்கள்! வீடுகளுக்கு வண்ணம் பூசும் கான்ட்ரெக்டர், முப்பது ஆண்டு அனுபவசாலி, நம் செபாஸ்டியன் அண்ணன்தான். எந்தச் சுவரைக் கண்டாலும் உள்ளங்கையால் தேய்த்துப் பார்ப்பார். கையில் மாவு ஒட்டினால் அந்தப் பூச்சு நிற்காது என்பார். அதே சோதனையைப் படங்களுக்கும் வைத்தார். முதல் துணி யார் படத்தில் பட்டது? அவருடைய மனைவி டொரத்தியின் படத்தில்! துணி என்ன ஆனது? நீலம் ஆனது! பாதி ஆறு துணிக்கு வந்துவிட்டது!

அன்று மாலை அவர்கள் வீட்டில் நடந்த உரையாடல் இது. இருவரும் தனித்தனியே சொன்னார்கள். இரண்டும் ஒத்துப்போகின்றன.

“நான் வரையறதுக்கு முன்னாடி பலகைக்கு என்ன செஞ்சீங்க?”

“ரெண்டு கோட் சீலர் அடிச்சேன். மேல ஒரு கோட் பளபளப்பு பெயின்ட். சும்மா மொழுமொழுன்னு ஆக்கி வெச்சேன். சர்ப்ரைஸ்.”

“யாரு கேட்டா?”

“அண்டர்கோட் இல்லாம ஒரு சுவர நான் தொட்டதில்ல டொரத்தி.”

“இது சுவராங்க? தண்ணி பட்டா குடிக்கணும். நீங்க மழைக்கோட்டு மாட்டி வெச்சிருக்கீங்க!”

அண்ணன் மேல் மட்டும் பழி போட்டால் அது நியாயமான செய்தி ஆகாது. அக்கா வாங்கியது மலிவான பெரிய பெயின்ட் போத்தல். நிறம் கொஞ்சம், நிரப்புத் தூள் நிறைய. அதில் ஒரு கரண்டிக்குப் பத்துக் கரண்டி தண்ணீர் ஊற்றினார். பெயின்டில் நிறத்தூளைப் பிடித்துவைப்பது பசை. தண்ணீர் ஏற ஏறப் பசை இளைக்கும். இளைத்த பசை, வழுக்கும் பலகை. எப்படி நிற்கும்? எதைப் பிடித்து நிற்கும்?

மறுநாளே அக்கா ஓவியப் பொருள் கடைக்குப் போனார். தாளிலும் துணியிலும் மாதிரித் துண்டுகளைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். கடைக்காரத் தம்பி தனேஷ் பதறிவிட்டார்.

“ஆன்டி, என்ன தண்ணி தெளிக்கிறீங்க? கடைக்குக் கும்பாபிஷேகமா?”

“நான் சர்ச்சுக்குப் போறவப்பா. அங்கயும் தெளிப்பாங்க. பேசாம சொட்டப் பாரு.”

வெள்ளைப் பூச்சிட்ட கேன்வாஸில் சொட்டு உருண்டு நின்றது. மெல்லிய தாள் குடித்தது, குடித்ததும் அப்பளமாய்ச் சுருண்டது. பூச்சில்லாத பருத்தித் துணி நன்றாகவே குடித்தது, ஆனால் ஓரம் பரவியது. மெல்லிய பாலம் கரைந்துவிடும் என்று அதைத் திருப்பி வைத்துவிட்டார். சதுர மீட்டருக்கு முந்நூறு கிராம் எடையுள்ள கனத்த பருத்தித் தாள் குடித்தது, நிமிர்ந்தும் நின்றது. அதையே எடுத்தார். பெரிய போத்தலை விட்டுவிட்டு, நிறம் செறிந்த, நீர்த்தன்மையுள்ள சின்னப் போத்தல்களை எடுத்தார். கூடவே மீடியம். அது பால் போன்ற பசை, நிறமில்லாமல் காயும். இந்த முறை கரைத்தது பாதி தண்ணீரில், பாதி மீடியத்தில்.

தாளைப் பலகையில் ஒட்டி, அதே மழையை மறுபடி ஒன்பது பூச்சுகளாகப் பூசினார். ஒன்று காய்ந்த பின்பே அடுத்தது, ஏனெனில் காய்ந்த அக்ரிலிக் கரையாது, கலங்காது. அண்ணனுக்கு என்ன வேலை? படம் காய மேசைக் காற்றாடியை அதன் பக்கம் திருப்புவது! வேறு எதையும் தொட அனுமதி இல்லை! கடைசிப் பூச்சு வியாழன் காலை பதினொன்றரைக்கு முடிந்தது. பலகையின் பின்புறம் அண்ணனே நேரத்தை எழுதியிருக்கிறார். காய்வதற்கு எழுபத்திரண்டு மணி நேரம் என்பதும் அவர் போட்ட விதிதான்.

நேற்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். அண்ணன் முகுந்தனிடம் போய், “சட்டத்த நான்தானே கொண்டு வந்தேன், நானே வாபஸ் வாங்கிக்கிறேன்” என்றார். பக்கத்தில் நின்ற அக்கா விடவில்லை.

“கிள்ளான்ல தினமும் துடைக்கிற பிள்ளைக்கு உங்க வாபஸ் தெரியுமா? துடைங்க. நீங்களே துடைங்க. வீட்டுச் சுவர் மாதிரி நல்லா அழுத்தி.”

கேட்டீர்களா? சலுகை வேண்டாம் என்றார்! சமாதானம் வேண்டாம் என்றார்! படுக்கையில் கிடப்பவர் கண்ணெதிரே மழை நாளைக்கும் நிற்க வேண்டும், நாலாண்டு கழித்தும் நிற்க வேண்டும் என்றார்! கை தட்டுங்கள், அதற்குத் தட்டுங்கள்!

மணி பதினொன்று இருபத்தொன்பது. முடிவு என்னிடம் இல்லை. நடக்காததை நான் சொல்வதுமில்லை. நிலுவையில் இருப்பது ஒரே ஒரு துடைப்பு. எதிர்பார்க்கும் நேரம், இன்னும் ஒரு நிமிடம். பேச இடம் தந்த அவைக்கும், பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும் நன்றி, வணக்கம்.

செபாஸ்டியன் அண்ணே, துணியைப் பிழிந்துகொண்டு மேடைக்கு வாருங்கள்.