விளங்கும்வரைக்கும்

"இண்டைக்கு நான் டொக்டரம்மாக்கு முன்னால இருந்து எழும்பவே இல்ல."

புத்தளத்திலிருந்து மாம்புரிக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையிலிருந்த பெண் இப்படிச் சொன்னார். மடியில் கிளினிக் கொப்பி இருந்தது. பக்கத்திலிருந்த கர்ப்பிணிப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

"ஏன் ராத்தா?"

"அவ சிங்களத்துல சொல்றதுக்கெல்லாம் ஒரு வருசமா ‘ஹரி, ஹரி’, சரி சரி எண்டு தலையாட்டிட்டு வந்தன். ஒண்டும் விளங்கல்ல. இப்ப கண்ணும் மங்குது. தமிழ்ல சொல்ல ஆள் வந்தாத்தான் போவன் எண்டு இருந்துட்டன்."

"ஏசல்லையா?"

"நர்ஸ் ஏசினா. வரிசையில நிண்ட சனமும் ஏசிச்சு. ஏசட்டும், கண் என்டதானே! கடைசியில மருந்து குடுக்கிற தம்பியக் கூட்டிட்டு வந்தாங்க."

"என்ன சொன்னாங்க?"

"சீனி வருத்தத்துக்குத் தந்த குளிசைய ஒவ்வொரு நாளும் போடணுமாம். நான் தலை சுத்தினா மட்டுந்தான் போட்டன். டொக்டரம்மாக்கே முகம் மாறிட்டு. தமிழ்ல எழுதிக் குடுங்க எண்டு அவவே அந்தத் தம்பிக்கிட்ட சொன்னா."

கர்ப்பிணிப் பெண் தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"நானும் ‘ஹரி’ எண்டுதான் சொல்றன், ராத்தா."

"உன்ட கிளினிக் எப்ப?"

"வாற செவ்வாக்கிழமை."

"நானும் வாறன். உனக்கு விளங்கும்வரைக்கும் ரெண்டு பேரும் அங்கயே இருப்பம்."