குவபாரா விட்ட கொட்டாவி

அவைக்குத் தலைமை ஏற்று, "ஐந்து நிமிடத்தில் முடித்துவிடு" என்று என் காதோரம் அன்போடு சொல்லி அனுப்பியிருக்கும் தகைசால் தலைவர் மியாவாக்கி அவர்களே, அகிஹபாராவின் இந்த மாடியரங்குக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக ஞாயிறு தவறாமல் ஏறிவரும் இயர்போன் கேட்போர் வட்டத்தின் மூத்தவர்களே, கணவருக்குக் காது இருக்கிறது, கவனம்தான் இல்லை என்று தெரிந்தும் துணைக்கு வந்திருக்கும் தாய்மார்களே, இரண்டு பெட்டி நிறைய இயர்போனோடு கணவரை வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கும் மற்றத் தாய்மார்களே, உங்கள் எல்லோருடைய காதுக்கும் அச்சு எடுத்துப் பிழைக்கும் இந்த உசாமியின் பணிவான வணக்கம்.

பேஸ் பேஸ் என்று பேசுகிறோமே, அந்த அடிநாதம் எங்கே இருக்கிறது? கருவியில் இருக்கிறதா? கம்பியில் இருக்கிறதா? கேட்பவர் காதில் இருக்கிறதா? இந்த ஒரு கேள்விக்காக இந்த அவையில் எத்தனை பூசல், எத்தனை புகைச்சல், எத்தனை கோப்பைத் தேநீர் ஆறிப்போயிருக்கிறது.

ஒரு பக்கம் ரயில் ஓட்டுநர் குவபாரா. கட்டைவிரல் பருமனில் ஒரு கறுப்பு உலோக இயர்போன் வைத்திருக்கிறார். நாம் அதற்குக் கருங்கல் என்று பெயர் வைத்தோம். அதைக் காதில் வைத்தால் தொடை எலும்பு வரை அதிரும். மறுபக்கம் பல் மருத்துவர் ஷினோசாகி. அவருடையது காதுக்கு அச்செடுத்து நான் வார்த்துக் கொடுத்த தெளிந்த இயர்போன், அதற்குக் கண்ணாடி என்று பெயர். அதில் அடிநாதம் அளந்து வரும், அழகாக வரும், வந்த வேலையை முடித்துக்கொண்டு போய்விடும். ஐந்து முறை ஆண்டுப் பரிசை வென்றது கருங்கல். ஐந்து முறையும் வாக்கெண்ணிக்கையைச் சந்தேகித்தவர் ஷினோசாகி. சிரிக்காதீர்கள், அவர் முதல் வரிசையில்தான் இருக்கிறார்.

நம் வட்டத்தின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். தலைவர் வெண்கல மணியைத் தட்டினால் மௌனம். முதுகு நிமிர, கை முழங்காலில், கண் மூடி, வாய் மூடி மூன்று பாட்டு. இருமல் வந்தால்கூட வெளியே போய் இருமிவிட்டு வருகிற கூட்டம் இது.

அப்படிப்பட்ட கூட்டத்துக்குச் சென்ற இலையுதிர் காலத்தில் வந்தார் கயானோ. பகலில் தபால் நிலையம், விடுமுறையில் கோயென்ஜியில் ஒரு நிலவறை மேடையில் பாட்டு. மேடை இரைச்சலில் பேஸ் காதில் விழாமல் மூன்று கச்சேரியாக அவருக்குச் சுருதி விலகிக்கொண்டே இருந்தது; குழுவின் இசையை இயர்போனில் கேட்டுக்கொண்டே பாடலாம் என்றுதான் நம்மிடம் வந்தார். குழுவின் பேஸ் கிடார்க்காரர் தோகிதா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: "அடுத்த தடவையும் இப்படின்னா, நாங்க வேற ஆளைப் பாத்துக்கறோம் கயானோ சான். மனசுல வச்சுக்காதீங்க."

மனசில் வைக்காமல் எங்கே வைப்பது? இருபது வருடப் பாட்டு அது.

குவபாரா தம் கருங்கல்லைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். நான் அவர் காதுக்கு அச்செடுத்து ஒரு கண்ணாடி செய்தேன். இங்கே உட்கார்ந்து கேட்டார், இரண்டுமே அற்புதம். ஒத்திகைக்கு மேடை ஏறினார், இரண்டுமே கைவிட்டன. கச்சேரிக்கு முந்தைய ஞாயிறு திரும்பி வந்தார். "இங்க உக்காந்தா பூமியே ஆடுது. அங்க போய்ப் பாட ஆரம்பிச்சா கொசு பாடற மாதிரி கேக்குது" என்றார்.

"கருங்கல் கனம். காதுல நிக்காது, நான் அப்பவே சொன்னேன்" என்றார் ஷினோசாகி.

"உங்க கண்ணாடி மட்டும் நின்னு கிழிச்சுதாக்கும்" என்றார் குவபாரா.

கயானோ இரண்டையும் பெட்டியில் வைத்து மூடி, மேசைமேல் வைத்து, குனிந்து வணங்கினார். "என் காதுதான் சரியில்ல போல. நானே அவங்ககிட்ட விலகிக்கறேன்னு சொல்லிடறேன்" என்றார்.

அப்போது எழுந்தார் குவபாரா. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னார்: "நான் ஒரு தடவை கொட்டாவி விட்டுட்டேன்."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"ரெண்டாவது வருசம். மணி அடிச்சப்புறம். ராத்திரி டியூட்டி பாத்துட்டு நேரா வந்திருந்தேன். வாயைத் தொறந்தேன், பேஸ் மொத்தமும் காணாமப் போச்சு. மூடினேன், வந்துடுச்சு. மௌனத்தக் கெடுத்தது தெரிஞ்சா மானம் போகும். கருங்கல்லுல ஓட்டைன்னு தெரிஞ்சா பரிசும் போகும். அதான் பத்து வருசமா சொல்லல. கயானோ சான், நீங்க வாயைத் தொறந்துல்ல பாடறீங்க?"

பெரியோர்களே, அந்த நிமிடம் நாம் அத்தனை பேரும் அவரவர் இயர்போனை மாட்டிக்கொண்டு ஆவென்று வாயைப் பிளந்தோமே, நினைவிருக்கிறதா? தாடை இறங்கக் காதுக்குழி அசைந்தது. மயிரிழை அளவுக்கு இடைவெளி விட்டது. அந்த இடைவெளியில் எல்லோருக்கும் முன்னால் ஓடிப்போனது அடிநாதம். "என் ஆஸ்பத்திரியிலகூட ஒரே நேரத்துல இத்தனை வாயைப் பாத்ததில்ல" என்றார் ஷினோசாகி. அவருடைய கண்ணாடியிலும் அதே கதை.

தவறு என்னுடையது. அச்செடுக்கும்போது கயானோ கூச்சத்தோடு கையால் வாயை மறைத்துக்கொண்டிருந்தார். கையை எடுங்கள், வாயைத் திறங்கள் என்று சொல்வது மரியாதையில்லை என்று விட்டுவிட்டேன். பேசாமல் கேட்பவர்களுக்கே வார்த்து வார்த்துப் பழகிய கை, பாடுகிறவருக்கும் மூடிய வாயின் அச்சையே வார்த்துவிட்டது.

மறுநாள் ஷினோசாகி தம் மருத்துவமனையிலிருந்து கடிப்பதற்கு ஒரு கட்டை கொண்டு வந்தார். அதைப் பல்லிடுக்கில் வைத்து, வாயைத் திறக்கவைத்து மீண்டும் அச்செடுத்தேன். சனிக்கிழமை கோயென்ஜி நிலவறையில் பின்சுவரோடு ஒட்டி நின்றோம். முதல் வரியைப் பாடிவிட்டுக் கயானோ தோகிதாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். கையால் மறைக்காத சிரிப்பு. சுருதி கடைசிப் பாட்டு வரை நின்றது. "அடுத்த மாசத்துக்கு என்ன பாட்டு போடலாம்?" என்று தோகிதா கேட்டது பின்சுவர் வரை கேட்டது. நான் அழுதேன். சொல்ல வெட்கமில்லை.

அதன் பிறகு குவபாரா கருங்கல்லைப் போட்டியிலிருந்து விலக்கிக்கொண்டார். ஆனால் இந்த ஆண்டு வாக்குச்சீட்டுகளைப் பிரித்தபோது ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அது எந்த இயர்போனின் பெயரும் இல்லை. அந்தக் கொட்டாவியின் பெயர். வாக்கெண்ணியவர் ஷினோசாகி, இம்முறை அவருக்குச் சந்தேகம் இல்லை.

மூன்றாம் வரிசையில் கைக்குட்டையால் முகத்தை மூடியிருக்கும் குவபாரா அவர்களே, மேடைக்கு வாருங்கள். மௌனத்தைத் தொடங்கிவைத்த அந்த வெண்கல மணிதான் இம்முறை பரிசு, இனி ஓராண்டு அது உங்கள் வீட்டில். இப்போது நீங்களே தட்டுங்கள். கயானோ முதல் வரி எடுப்பார். மூடிய வாயோடு இத்தனை ஆண்டு கேட்டது போதும். இன்று பாடிக்கொண்டே கேட்போம், பேஸ் ஓடினால் ஓடட்டும்.

ஐந்து நிமிடத்தை இருபதாக்கியதைப் பொறுத்த தலைவருக்கும், கொட்டாவி விட்டாலும் எழுந்து போகாத உங்களுக்கும் நன்றி, வணக்கம். குவபாரா சான், மணி.